அலகு எந்த முனையில்?

பழைய மடக்குக் கத்தி ஒன்றைச் சேகரிப்பாளர் கையில் கொடுத்தால் அவர் முதலில் கூர் பார்ப்பதில்லை. அலகுகள் எந்த முனையில் மாட்டப்பட்டிருக்கின்றன என்றுதான் பார்க்கிறார். எல்லாம் ஒரே முனையில் என்றால் அது 'ஜாக்' வகை. இரு முனைகளிலும் என்றால் 'பென்' வகை. பெயர்க் குழப்பத்தில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். அமெரிக்காவின் 'டிராப்பர்', 'மஸ்க்ராட்' இரண்டுக்கும் இரண்டு அலகுகள்தான். டிராப்பரில் இரண்டும் ஒரே முனையில் பக்கத்தில் பக்கமாக நிற்கும். மஸ்க்ராட்டில் எதிரெதிர் முனைகளில்.

அடுத்துப் பார்ப்பது அலகின் வடிவம். இங்கேதான் கத்தி தன் தொழிலைச் சொல்கிறது. கால்நடை வளர்ப்போர் வைத்திருந்த 'ஸ்டாக்மேன்' கத்தியில் மூன்று அலகுகள். முனை நோக்கி முதுகு சரிந்து கூர்மையாகும் 'கிளிப்' பொது வேலைக்கு. நேரான வெட்டுவாயும் மழுங்கிய நுனியும் கொண்ட 'ஷீப்ஸ்ஃபுட்' கயிறு அறுக்க, குளம்பு சீவ. மூன்றாவதான 'ஸ்பே' கன்றுகளைக் காயடிப்பதற்கு. திமிறும் விலங்கின் சதையில் தவறிக் குத்திவிடாதபடி அதன் நுனி கூராக இல்லாமல் உருண்டிருக்கும். கூர் நுனி வேண்டாம் என்று யோசித்து ஒரு கத்தியைச் செய்த அந்தப் பட்டறைக்காரரை வியக்காமல் இருக்க முடியவில்லை.

மூன்று அலகுகளை விரல் பருமனான பிடிக்குள் அடக்குவதும் எளிதல்ல. பிடியின் முதுகில் இரண்டே எஃகு வில்கள். எதிரெதிர் முனைகளில் உள்ள இரு அலகுகள் ஒரே வில்லைப் பங்கிட்டுக்கொள்ளும். மடக்கும்போது ஒன்றோடொன்று உரசாமலிருக்க அலகுகளை அடிப்பக்கத்தில் மிக மெல்லப் பக்கவாட்டில் வளைத்திருப்பார்கள். நேராகப் பார்த்தால் தெரியாது; பிளவின் வழியே உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

'பார்லோ' மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு தந்த கத்தி அது. ஓர் அலகோ இரண்டோ, எந்த வடிவிலோ இருக்கலாம். அலகு மடங்கும் இடத்தில் பிடியை நீளமாகப் போர்த்தும் உலோகக் காப்புதான் அதன் அடையாளம். அதிகம் தேயும் மூட்டுக்கு அது பலம் தந்தது. விலை மலிவு, ஆயுள் அதிகம். 1876-இல் வந்த மார்க் ட்வைனின் 'டாம் சாயர்' நாவலில் சிறுவன் டாமுக்குப் பரிசாகக் கிடைப்பது ஒரு பார்லோ.

பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் உள்ள கேஸ் நிறுவனம் பெயரோடு எண்ணும் கொடுக்கிறது. 6254 என்றால், 6 எலும்புப் பிடி, 2 அலகுகளின் எண்ணிக்கை, 54 டிராப்பர் வடிவம். அதுவே 5254 ஆனால் பிடி மான்கொம்பு. அந்த வேலைக்கு இந்தியக் கடமானின் கொம்புக்குத் தனி மதிப்பு உண்டு. ஆண்டை அறிய அலகின் அடியில் உள்ள முத்திரையைப் பார்க்க வேண்டும். 1970-இல் அதில் பத்துப் புள்ளிகள் இட்டார்கள். பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். 1979-இல் மிஞ்சியது ஒரே புள்ளி. 1980-இல் மறுபடி பத்திலிருந்து தொடங்கியபோது, பழையதோடு குழம்பாமலிருக்க முத்திரையின் எழுத்தையே மாற்றினார்கள்: 'எஸ்' எழுத்து மின்னல் கீற்றாக முறிந்திருந்தால் பத்துப் புள்ளிக் கத்தி 1980-இல் செய்தது.