தூணில் படிந்த நிறங்கள்

நியூயார்க் சுரங்க ரயில் 1904 அக்டோபர் 27 அன்று ஓடத் தொடங்கியது. அதன் பழைய நிலையங்களில் கூரையைத் தாங்குபவை வார்ப்பிரும்புத் தூண்களும், ரிவெட் அடித்து இணைத்த எஃகுத் தூண்களும். துரு அண்டாதிருக்க அவற்றுக்குப் பலமுறை பெயின்ட் அடித்தார்கள். பழைய பூச்சை முழுக்கச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்ததும் உண்டு. அப்படி அடித்த இடங்களில் தொடக்க கால நிறம் இன்னும் அடியில் இருக்கிறது. அந்தக் காலத்துப் புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை. நிறத்துக்கு உறுதியான சாட்சி தூண்தான்.

அந்தச் சாட்சியைப் படிக்க, மிளகளவு பெயின்ட் துணுக்கு ஒன்று இரும்பு வரை ஆழமாக வெட்டி எடுக்கப்படுகிறது. பயணிகள் உரசித் தேய்ந்த அடிப்பகுதி இதற்கு உதவாது. தூணின் உள்மடிப்பு, ரிவெட்டின் ஓரம், பெயர்ப்பலகையின் பின்புறம் போன்ற இடங்களில்தான் அடுக்குகள் குலையாமல் கிடைக்கும். துணுக்கைப் பிசினில் பதித்துக் குறுக்காக மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் நிறங்கள் வரிவரியாகத் தெரியும்.

எத்தனை வரிகளோ அத்தனை முறை நிறம் மாறியது என்று எண்ணிவிடக் கூடாது. அடிப்பூச்சு, இடைப்பூச்சு, மேற்பூச்சு மூன்றும் ஒரே வேலையில் அடித்தவையாக இருக்கலாம். ஒரு வேலையை அடுத்த வேலையிலிருந்து பிரித்துக் காட்டுவது அழுக்கு. சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் உராய்ந்து உதிரும் இரும்புத் தூசு சுரங்கத்தில் ஓயாமல் படிகிறது. இரண்டு வரிகளுக்கு இடையே கரிய கோடு இருந்தால், கீழ் வரியின் பரப்பு நெடுநாள் வெளியே தெரிந்தபடி நின்றிருக்கிறது. துடைத்து எறிய வேண்டிய தூசு இங்கே காலத்தைக் குறித்து வைத்திருப்பது வியப்புக்குரியது.

ஆண்டைக் கணிக்க நிறமிகள் துணைசெய்கின்றன. இரும்பை ஒட்டிய ஆரஞ்சு வரி பெரும்பாலும் துருவைத் தடுக்கும் ஈயச் சிவப்பு. டைட்டானியம் வெள்ளை 1920 வாக்கில்தான் விற்பனைக்கு வந்தது. அது இருக்கும் வரி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. புற ஊதா ஒளியில் துத்தநாக வெள்ளை பசுமஞ்சளாக ஒளிரும். ஆளிவிதை எண்ணெய் கலந்த பெயின்ட் இருட்டில் மஞ்சளாகிவிடும் என்பதால், துணுக்கைச் சில நாள் வெளிச்சத்தில் வைத்து வெளுக்கவிட்ட பிறகே மன்செல் நிற அட்டைகளோடு ஒப்பிட வேண்டும். மங்கிய மஞ்சளை அசல் நிறமென்று நம்பித் தவறாகப் புதுப்பிக்கும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

ஒரே தூணை நம்புவதும் போதாது. அது பின்னாளில் மாற்றப்பட்டதாகவோ இடையில் சுரண்டப்பட்டதாகவோ இருக்கலாம். பல தூண்களை ஒப்பிட்டால்தான் விடுபட்ட அடுக்கு தெரியவரும்.

ஈயப் பெயின்ட்டை வீடுகளுக்குள் அடிக்க நியூயார்க் நகரம் 1960-ல் தடை விதித்தது. பழைய தூண்களில் இருக்கும் ஈயப் பூச்சு உரிந்து தூசானால் உடலுக்குக் கேடு, அகற்றுவதே சரி. அகற்றிய பிறகு வரலாற்றை மீட்க வழியில்லை. அதனால் சுரண்டுவதற்கு முன்பே துணுக்குகளை எடுத்து, தூணின் எண், பக்கம், தரையிலிருந்து உயரம், எடுத்த நாள் ஆகியவற்றை ஒவ்வொன்றின் மீதும் எழுதிப் பாதுகாக்க வேண்டும்.