சாமி கும்பிட்டால் மட்டும் போதுமா? ராமேசுவரம் சீக்கியர் கோவில் சொல்லும் கதை!

சிக்கல்,-
சிக்கலில் பஸ் ஏறி ராமநாதபுரம் வந்து, பாம்பன் பாலம் தாண்டினால் ராமேசுவரம். தீர்த்தம் ஆடி, சாமி கும்பிட்டு, அடுத்த பஸ்சுக்கு ஓடி வருவதுதான் நம்ம ஊர்க்காரர்கள் வழக்கம்.

அதே ராமேசுவரத்தில் ஒரு சீக்கியர் கோவில் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், "சர்தார்ஜி கோவில் நமக்கு எதுக்கு?" என்று வாசலோடு போய்விடுவார்கள்.

அதன் பெயர் குருநானக் தாம். சீக்கிய மதத்தைத் தோற்றுவித்த குருநானக் (1469-1539), சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் இலங்கை போய்த் திரும்பும் வழியில் ராமேசுவரம் வந்தார் என்பது சீக்கியர்கள் நம்பிக்கை. அதன் நினைவாகத்தான் இந்தக் கோவில்.

ஏர் பிடித்த குரு

ஊர் ஊராகச் சுற்றிய நானக், கடைசிக் காலத்தில் காவி கட்டி மலைக்குப் போகவில்லை. ராவி ஆற்றங்கரையில் கர்த்தார்பூரில் மனைவி மக்களோடு குடியிருந்து ஏர் பிடித்தார். கடவுள் பேரைச் சொல்லு, பாடுபட்டுச் சாப்பிடு, இருப்பதைப் பகிர்ந்து கொடு. இவ்வளவுதான் அவர் போதனை.

நம்ம ஊர்க் கோவில்களில் ஆகஸ்டு 15, பிப்ரவரி 3 என்று நாள் குறித்து சமபந்தி நடக்கிறது. சீக்கியர் கோவிலில் அது அன்றாடம். அதற்கு லங்கர் என்று பெயர். கலெக்டரும் கூலிக்காரரும் ஒரே தரையில்தான் உட்காரணும். "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியே அங்கு கிடையாது.

6-வது குரு அர்கோவிந்த் 1606-ல் இடுப்பில் இரண்டு வாள் கட்டினார். ஒன்று ஆன்மிகத்துக்கு, இன்னொன்று உலக நியாயத்துக்கு. இரண்டும் சேர்ந்தே இருக்கணும் என்பது கட்டளை. சொல்வது சுலபம். நடப்பது?

வைக்கத்தில் அன்னசாலை

1924-ல் வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருக்களில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக்கூடாது என்று தடை. அதை எதிர்த்து போராட்டம் நடந்தது. ஈரோட்டில் இருந்து பெரியார் போய் ஜெயிலுக்குப் போனார். அப்போது பஞ்சாபில் இருந்து ரெயில் ஏறி வந்தார்கள் அகாலி சீக்கியர்கள். போராட்டக்காரர்களுக்கு அன்னசாலை திறந்தார்கள். மொழி தெரியாது. ஊர் தெரியாது. அடுப்பு மூட்டத் தெரியும்!

ஆனால் காந்தியடிகளுக்கு இது பிடிக்கவில்லை. போராடுகிறவர்கள் தங்கள் சோற்றைத் தாங்களே தேடிக்கொள்ளணும், வெளியார் உணவில் இருந்தால் சுயமரியாதை போய்விடும் என்றார். அன்னசாலை மூடப்பட்டது. பசித்தவனுக்குச் சோறு போட்டதில் என்ன தப்பு என்று இன்றும் கேட்கத் தோன்றத்தான் செய்கிறது.

தூணில் கட்டப்பட்ட கவர்னர்

தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த சீக்கியர் சுர்ஜித்சிங் பர்னாலா. 1986-ல் பஞ்சாப் முதல்-மந்திரி. பொற்கோவிலுக்குள் தீவிரவாதிகள் புகுந்துகொண்டதால் போலீசை உள்ளே அனுப்பினார். சட்டப்படி அது அவர் கடமை. மதப்படி குற்றம்! மதத் தலைமை அவரைத் தள்ளி வைத்தது.

1988-ல் அவர் தானாகப் போய் தண்டனை ஏற்றார். கயிற்றால் தூணில் கட்டப்பட்டார். கழுத்தில் அட்டை மாட்டினார்கள். முதல்-மந்திரியாக இருந்தவர், கோவிலுக்கு வந்தவர்களின் செருப்பைத் துடைத்தார், எச்சில் பாத்திரம் கழுவினார்.

மானம் போயிற்று, இனி இவர் மேலிடம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 1990-ல் தமிழ்நாட்டு கவர்னராக வந்தார். 1991 ஜனவரியில் கருணாநிதி ஆட்சியைக் கலைக்க டெல்லி அறிக்கை கேட்டது. "தர முடியாது" என்றார் பர்னாலா. அவர் அறிக்கை இல்லாமலே ஆட்சி கலைக்கப்பட்டது. அவரைப் பீகாருக்கு மாற்றினார்கள். அங்கே போகாமல் பதவியைத் தூக்கி எறிந்தார்.

செருப்பு துடைத்த அதே கைதான்!

2004-ல் மீண்டும் அதே ராஜ்பவனுக்கு கவர்னராக வந்தவர், 2011 வரை இருந்தார். 2017-ல் காலமானார்.

ராமேசுவரம் போகிறவர்கள் குருநானக் தாமையும் எட்டிப் பார்க்கலாம். எந்த மதத்தவரும் உள்ளே போகலாம். செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, தலையில் ஒரு துணி கட்டிக்கொள்ளணும். கைக்குட்டை இருந்தாலும் போதும்.