புற ஊதா விளக்கும் குடிநீரும்

வீட்டுக் குடிநீர் இயந்திரத்தில் எரியும் புற ஊதா விளக்கு கிருமிகளைக் கொல்கிறது என்கிறோம். முடக்குகிறது என்பதே சரி. பெரும்பாலும் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தக் கதிர், பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்துள்ள தைமின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது; பிரதி எடுக்க முடியாமல் கிருமியின் பெருக்கம் நின்றுபோகிறது. ஆனால் அது உயிரோடு இருக்கக்கூடும். புற ஊதாக் கதிர் பட்ட நுண்ணுயிர்கள் சாதாரண வெளிச்சம் பட்டதும் மீண்டெழுவதை 1949-இல் அமெரிக்க விஞ்ஞானி ஆல்பர்ட் கெல்னர் வெளியிட்டார். ஃபோட்டோலயேஸ் என்னும் நொதி, வெளிச்சத்தின் ஆற்றலைக் கொண்டே அந்தப் பிணைப்பைப் பிரித்துவிடுகிறது. 

அப்படியானால் விளக்கே வீணா? இல்லை. கதிரின் அளவு போதுமானதாக இருந்தால், சேதம் சீரமைக்கும் திறனை மிஞ்சிவிடும். குளோரினுக்கு எளிதில் மசியாத கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணிகூட இதற்கு அடங்கும். கலங்கல் நீரும் பழைய விளக்கும்தான் அந்த அளவைக் குறைப்பவை. அதனால் விளக்கில் நீல ஒளி தெரிவதை மட்டும் நம்பிவிடக் கூடாது. குளோரினைப்போல் நீரில் தங்கும் தன்மையும் இக்கதிருக்குக் கிடையாது. ஆகவே பிடித்த நீரை வெளிச்சம் படாமல் மூடி வையுங்கள். விளக்கைக் காலத்தோடு மாற்றுங்கள்.