காணவில்லை என்பதும் ஒரு சாட்சிதான்

ஷஃபான் பிறை 29. மஃரிபுக்குப் பிறகு நயினாதீவின் மேற்குக் கரையில் நின்றோம். அடிவானம் தெளிவாக இருந்தது, பிறை தென்படவில்லை. கூட வந்த ஏழாம் தரத்துப் பொடியன் கேட்டான்: "சேர், ஒண்டும் காணேல்லையே. வந்தது வீண்தானே?"

நான் தமிழ் படிப்பிக்கிறவன். விஞ்ஞான ஆசிரியன் அல்லன். ஆனாலும் அவனுக்குச் சொல்ல எனக்கு வாய்த்தது ஒரு வானியல் கதைதான்.

அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செய்மதிகள், 1967இல் விண்வெளியிலிருந்து வந்த ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பதிந்தன. உலகுக்கு அது 1973இல்தான் தெரியவந்தது. பாரிய விண்மீன் ஒன்று நொறுங்கும்போதும், இரு நியூத்திரன் விண்மீன்கள் மோதும்போதும் இவை நிகழ்கின்றன. பல சில செக்கன்களில் அடங்கிவிடும்.

இவற்றிலிருந்து மிக உயர்ந்த சக்தியுள்ள கதிரும் வருமா? கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் போல ஏறத்தாழ ஐம்பதாயிரம் கோடி மடங்கு சக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய கதிர் மிக அரிது; சிறிய செய்மதியில் அகப்படாது. அது வளிமண்டலத்தில் மோதித் துகள் மழையாகப் பொழியும்போது ஒரு நீல ஒளி மின்னும். செரன்கோவ் ஒளி என்பது அதுதான். ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரமே அது நிற்கும். அதைப் பிடிக்கப் பெரிய ஆடியும் இருண்ட வானமும் வேண்டும்.

எங்கள் அயலிலும் இந்த முயற்சி உண்டு. 1970களில் ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் இதே முறையில் வானத்தைத் துழாவினார்கள். இன்று லடாக்கின் ஹன்லேயில், ஏறத்தாழ 4,270 மீற்றர் உயரத்தில், 21 மீற்றர் ஆடி கொண்ட 'மேஸ்' தொலைநோக்கி நிற்கிறது. 2024 ஒக்ரோபரில் அது திறந்துவைக்கப்பட்டது. அவ்வளவு உயரம் ஏன்? சக்தி கூடிய கதிர்கள் வரும் வழியில் விண்மீன்களின் பழைய ஒளியோடு மோதி அழிந்துபோகின்றன. தூரத்து வெடிப்பிலிருந்து தப்பி வருபவை சக்தி குறைந்தவையே. அவற்றின் மங்கிய மின்னலை உயரத்தில்தான் இலகுவாகப் பிடிக்கலாம்.

செய்மதி தகவல் அனுப்பியதும் தொலைநோக்கியை உடனே திருப்ப வேண்டும். நிலவு, மேகம், பகல் எல்லாம் தடை. லா பால்மா தீவிலுள்ள 'மஜிக்' தொலைநோக்கி பதினைந்து வருடமளவு இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தது. 2019 ஜனவரி 14 அன்று, வெடிப்பு நடந்து ஒரு நிமிடத்துக்குள் திரும்பியது, கண்டது. அந்த ஒளி புறப்பட்டு 400 கோடி ஆண்டுகளுக்கு மேல். நமீபியாவின் 'ஹெஸ்' குழுவினர், 2018 ஜூலையில் ஒரு வெடிப்பைப் பத்து மணித்தியாலம் கழித்துப் பார்த்தும் கதிர் பதிவாகியிருந்ததை 2019இல் அறிவித்தார்கள். 2022 ஒக்ரோபரில் சீனாவின் 'லாசோ' ஒரே வெடிப்பிலிருந்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட கதிர்களைப் பிடித்தது. பகலென்றும் இரவென்றும் பாராமல் துகள்களைப் பதியும் நிலையம் அது.

அப்படியானால் அதற்கு முந்திய வெறும் இரவுகள்? அவையும் கணக்கில் உண்டு. "இந்த அளவுக்கு மேல் ஒளி வந்திருந்தால் எங்கள் கருவிக்குத் தெரிந்திருக்கும், தெரியவில்லை" என்று ஒவ்வொரு முறையும் எழுதி வைத்தார்கள். அதற்கு மேல் ஒளி வரும் என்ற கணிப்புகள் அந்த எல்லையில் அடிபட்டுப் போயின. ஆனால் நிபந்தனை ஒன்று: மேகம் மறைத்ததையும், தெளிந்த வானில் காணாததையும் ஒன்றாக எழுதக் கூடாது.

பொடியனுக்குச் சொன்னேன்: "காணேல்லை எண்டு நாங்கள் உண்மையைச் சொன்னால்தான் மாதம் முப்பதாகப் பூர்த்தியாகும். நாளைக்கும் வா."