பாண்டியர் வாங்கிய குதிரைகள் ஏன் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை?

தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள பழையகாயல் இன்று சின்ன ஊர். பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கிய துறைமுகம் அது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவார், வருடக் கடைசியில் 100கூட மிஞ்சாது என்கிறார்.

சோறும் இறைச்சியும் தீனியாகப் போட்டது ஒரு தப்பு. அதைவிட, லாடம் அடித்து வைத்தியம் பார்க்க ஆளே இல்லை. குளம்பு நம்ம நகம் மாதிரிதான். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வரை வளரும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவாவிட்டால் நடை கோணிவிடும். ஈரத்திலேயே நின்றால் அடிப்பாகம் அழுகும். குட்டைக் குதிரைக்கும் இதே கணக்குதான்.

லாடக்காரரை வணிகர்கள் கூட்டி வரவில்லை. வர நினைத்தவரையும் தடுத்தார்களாம். செத்தால்தானே அடுத்த வருஷம் மறுபடி விற்கலாம்!