மண்ணெண்ணெய்க் காரும் குளிர்காற்றுக் குழாயும்

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது ஏறக்குறைய நின்றே போனது. தப்பித் தவறி வந்தது சின்னச் சின்னப் போத்தல்களில், கைக்கெட்டாத விலையில் விற்கப்பட்டது. ஆனாலும் கார்கள் ஓடின. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்று ஏற்கெனவே முப்பது, நாற்பது வயதைத் தொட்டிருந்த வண்டிகள் கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களை ஏற்றி இறக்கின. அவற்றை ஓட்டியது மண்ணெண்ணெய்.

சாரதிமாரின் முறை எளிமையானது. பொனற்றைத் திறந்து, சின்னப் போத்தலில் பக்குவமாக வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு, எஞ்சினை முடுக்குவார்கள். அந்தத் துளிகள் எரிந்து எஞ்சின் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய் வேலையை ஏற்றுக்கொள்ளும். வெள்ளைப் புகையும் மண்ணெண்ணெய் மணமும் றோட்டில் மிதக்கும். இடையில் எஞ்சின் நின்று ஆறிவிட்டால் திரும்பவும் போத்தலை எடுக்க வேண்டியதுதான்.

அந்தச் சில துளிப் பெற்றோல் எதற்கு என்ற கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. எஞ்சினுக்குள் எரிவது திரவம் அல்ல, ஆவி. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றக்கூடிய அளவு ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு அதற்குக் குறைந்தது 38 பாகை வெப்பமாவது வேண்டும். ஆறிய எஞ்சினுக்குள் போகும் மண்ணெண்ணெய் ஈரமாகவே கிடந்து, புளக்கை நனைத்து, பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலையும் நீர்க்கச் செய்யும். எனவே மண்ணெண்ணெயில் ஓடும் வண்டிக்குச் சூடான காற்றே நல்லது. எஞ்சின் ஆறாமல் இருந்தால்தான் அது ஓடும். பழைய கார்களில் பிஸ்ரன் கலவையை ஏறக்குறைய ஏழு மடங்கு மட்டுமே அமுக்கியதும் உதவியது. பத்து மடங்குக்கு மேல் அமுக்கும் இன்றைய எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும்.

இது யாழ்ப்பாணத்துக்குப் புதிய அறிவாக இருந்திருக்காது. தோட்டக் கிணறுகளில் நீரிறைத்த சின்ன மெஷின்கள் போருக்கு முன்பே பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடியவைதான். இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட பேர்குசன் டீஈ20 உழவு இயந்திரத்திலும் இதே ஏற்பாட்டுடன் ஒரு வகை உண்டு. 1949இல் வந்த அந்த வகையில் தொடக்கத்துக்கென்று ஒரு சின்னப் பெற்றோல் தாங்கி இருந்தது. புகைபோக்கியின் சூடு உள்ளே போகும் கலவையைக் காய்ச்சியது. கொவென்றியில் பொறியியலாளர் வரைபலகையில் வரைந்ததை, தடைக்காலக் கராஜ்கள் வரைபடம் இல்லாமலே தமக்கு வேண்டியபடி செய்துகொண்டன. அந்தத் திறமை போதுமான அளவு எழுதி வைக்கப்படவில்லை என்பது ஒரு பெரிய இழப்பு.

இன்று வாகனப் பிரியரான இளைஞர்கள் பேசுவது, மண்ணெண்ணெய்க்குத் தேவைப்பட்ட சூடான காற்றுக்கு நேர் எதிரான ஒன்றை. அதன் பெயர் ‘கோல்ட் எயார் இன்ரேக்’. எஞ்சின் அறைக்குள் கிடக்கும் சூடான காற்றை விட்டுவிட்டு, வெளிக்காற்றை நேரே கொண்டுவரும் குழாய். கடையில் வாங்கினால் விலை அதிகம் என்பதால் வீட்டிலேயே குழாய் வெட்டிப் பொருத்துவோர் உலகெங்கும் உண்டு. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தது. இருக்கிற வண்டியைச் செப்பம் செய்து வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லாத அந்த ஐந்து ஆண்டுகளில் பொனற்றைத் திறந்து பார்க்கும் பழக்கமும் கூடியிருக்கும். எரிபொருள் தட்டுப்பாட்டினால் 2022 ஜூலையில் கியூஆர் அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, ஒவ்வொரு துளியும் எங்கே போகிறது என்று எல்லோருமே யோசித்தார்கள்.

காற்றின் கணக்கு வியப்பூட்டுவது. ஒரு லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 740 கிராம். அது முழுமையாக எரியக் கிட்டத்தட்ட 11 கிலோ காற்று வேண்டும். கொள்ளளவில் ஒன்பதாயிரம் லீற்றருக்கு மேல். 796 சிசி எஞ்சின் உள்ள ஒரு சின்ன ஓல்ற்றோ கூட, நிமிடத்துக்கு 3,000 சுற்றில் பெடலை முழுவதும் அமத்தினால் நிமிடத்துக்கு 1,200 லீற்றர் வரை காற்றை இழுக்கும். காற்று சூடானால் விரியும். அதே கொள்ளளவில் ஒட்சிசன் குறையும். 30 பாகையில் உள்ள காற்றோடு ஒப்பிட்டால் 60 பாகைக் காற்றில் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் குறைவு. பெற்றோல் எஞ்சின் முழு இழுவையில் தரும் வலுவும் அதையொட்டிக் குறையும். குளிர்காற்றுக் குழாயின் நியாயம் இதுதான், இது உண்மையும் கூட.

ஆனால் பெரும்பாலான புதிய கார்களில் கம்பனிக்காரர் வைத்த குழாயே முன்பக்கத்தில், ரேடியேற்றருக்கு மேலோ ஹெட்லைற்றுக்குப் பின்னாலோ வாய் திறந்து வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினுக்குப் பக்கத்திலேயே ஒரு கூம்பு வடிகட்டியைத் திறந்தபடி மாட்டுகிறவர், குளிர்காற்றுக்குப் பதில் சுடுகாற்றை வாங்குகிறார். சத்தம் மட்டும் கூடும். பழைய பெட்டி அடக்கி வைத்திருந்த இரைச்சல் வெளியே வருவதால் வண்டி பாய்வது போல் தோன்றும். ஓடும் வேகமே காற்றைத் தள்ளிவிடும் என்று குழாயின் வாயைப் புனல் போல் முன்னால் நீட்டுவதிலும் பெரிய பயன் இல்லை. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அந்தத் தள்ளுதல் வளிமண்டல அழுத்தத்தில் அரைச் சதவீதம்கூட வராது. யாழ்ப்பாணத் தீவகத்து றோட்டில் அந்த வேகமும் ஓடக்கூடியதல்ல.

அப்படியென்றால் வீட்டில் செய்வதே வீணா? பழைய காபரேற்றர் காரில் வீணில்லை. பல பழைய கார்களின் வடிகட்டி எஞ்சினின் தலைக்கு மேலேயே உட்கார்ந்து அந்த அறையின் வெக்கையைத்தான் இழுக்கும். பெற்றோலில் ஓடும் அப்படியான காருக்கு முன் கிறில்லில் இருந்து ஒரு குழாய் கொண்டுவருவது புத்தியான வேலை. குளிர் நாடுகளில் இதற்கு ஒரு தடை உண்டு: பெற்றோல் ஆவியாகும்போது உண்டாகும் குளிரில் காபரேற்றருக்குள் பனி பிடிக்கும். அதனால் அங்கே வடிகட்டியின் வாயைக் கோடைக்கு ஒரு பக்கமும் குளிருக்கு ஒரு பக்கமும் திருப்பி வைக்கும் வசதி இருந்தது. யாழ்ப்பாணத்துப் பகல் வெயிலில் அந்தக் கவலை இல்லை.

குழாய் திறொட்டிலின் வாயைவிடச் சிறுத்துவிடக் கூடாது. வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கையில் கிடைக்கும் எஸ்-லோன் பீவீசி பைப்பைப் பலர் எடுப்பார்கள். பீவீசி 80 பாகையை நெருங்கும்போது இளகத் தொடங்கும். ஆகவே புகைபோக்கிக்கு அருகே அலுமினியக் குழாய்தான் சரி. மூட்டுகளில் ரப்பர் ஹோஸும் இறுக்கும் கிளிப்பும் வேண்டும். இனி, பலர் மறப்பது ஒன்று: எஞ்சினின் ஆவிக் குழாய் பழைய வடிகட்டிப் பெட்டியில் சேர்ந்திருந்தால் அதைப் புதிய குழாயில், வடிகட்டிக்குப் பின்னால், திரும்பச் சேர்க்க வேண்டும். அந்த ஓட்டை திறந்து கிடந்தால் வடிகட்டாத புழுதி நேரே உள்ளே போகும். காற்றை அளக்கும் சென்சர் உள்ள காரில் குழாயின் விட்டம் மாறினால் அளவே பிழைக்கும். எண்ணெய் தடவிய வடிகட்டியில் எண்ணெய் கூடினால் அது சென்சரில் படிந்து, செக் எஞ்சின் விளக்கை எரிய வைக்கும்.

தீவகத்தில் உள்ள புளியங்கூடலில் இந்தக் குழாயை எங்கே வைப்பது என்பது தனிக் கேள்வி. சரவணையையும் நாரந்தனையையும் அண்டிய இந்த ஊரிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வண்டி, வேலணையைக் கடந்து பண்ணைத் தாம்போதியில் ஏறினால் இரு பக்கமும் கடல். சோளகம் வீசும் மாதங்களில் உப்பும், சுண்ணக்கல் புழுதியும் சேர்ந்து வரும். உப்பு வடிகட்டிக் கம்பியையும் கிளிப்பையும் துருவேற்றும்; நுண்மணல் தப்பி உள்ளே போனால் சிலிண்டரின் சுவரை அரைத்துவிடும். இங்கே கடதாசி வடிகட்டியைப் புத்தகம் சொல்லும் கிலோமீற்றருக்கு முன்பே மாற்றுவது நல்லது.

புழுதியைவிடப் பெரிய ஆபத்து மாரி மழை. குளிர்காற்று கீழேதான் கிடைக்கும் என்று வடிகட்டியைப் பம்பருக்குள், நிலத்துக்குக் கிட்ட இறக்குவது பல நாடுகளில் வழக்கம். தாழ்ந்த நிலமான தீவகத்தில் அதைச் செய்யக் கூடாது. 2008 நவம்பரில் நிஷா புயல் கொண்டுவந்த மழையில் யாழ்ப்பாணத்தில் தெருக்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படியான தண்ணீருக்குள் தாழ்ந்த வடிகட்டி முங்கினால் எஞ்சின் காற்றுக்குப் பதில் நீரை இழுக்கும். காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. பிஸ்ரன் மேலேற வழியின்றிக் கொன்றோட் வளைந்துவிடும். கொஞ்சம் குளிர்காற்றுப் பிடிக்கப் போய் எஞ்சினையே இழக்கும் வேலை அது. ஹெட்லைற்றின் உயரத்துக்குக் கீழே குழாயின் வாயை இறக்காமல், மழைத்துளி படாதபடி ஒரு தகட்டு மறைப்பும் வைத்தால் போதும்.

செய்வதற்கு முன் சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. புதிய கார்களில் ஸ்ரியறிங்குக்குக் கீழே உள்ள சொக்கற்றில் செருகும் சின்னக் கருவி, உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைக் கைத்தொலைபேசியில் காட்டும். நின்ற இடத்தில் பார்த்துப் பயனில்லை. அப்போது எல்லாக் காரிலும் அந்த வெப்பம் ஏறித்தான் இருக்கும். ஊர்காவற்றுறைப் பக்கமோ பண்ணைப் பக்கமோ ஒரே வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு, பக்கத்தில் இருப்பவர் எண்ணை வாசிக்கட்டும். வெளியே 31, உள்ளே 36 என்று காட்டினால் கம்பனிக் குழாயே தன் வேலையைச் செய்கிறது. அலுமினியத்துக்குச் செலவழிக்கிற காசில் இரண்டு வடிகட்டி வாங்கலாம். உள்ளே 55 என்று காட்டினால் அளவுநாடாவையும் வாளையும் எடுக்கலாம்.