உஷார்! ஊசிக்குப் பயந்து கல்லீரலைக் கோட்டை விடாதீர்கள்

"பெரியாஸ்பத்திரிக்குப் போனா ஈரல்ல ஊசியக் குத்திச் சதைய எடுத்துருவாக. அதுக்கப்புறம் ஆள் எந்திரிக்க மாட்டான்."

உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் கால் வீங்கி, வயிறு உப்பி ஒருவர் படுத்துவிட்டால் இந்தப் பேச்சு எப்படியும் காதுக்கு வந்துவிடும். சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பக்கத்து வீட்டு மதினியும் டீக்கடைச் சித்தப்பாவும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்ட குடும்பம் மதுரைக்குப் பஸ் ஏறுவதற்குப் பதிலாக, காமாலைக்கு மருந்து ஊற்றுகிற வீட்டைத் தேடிப் போகிறது. பத்தியம் என்று ஒரு மாதம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று இன்னொரு மாதம். கடைசியில் ரத்த வாந்தியோடு 108-ல் ஏற்றும்போது, மருத்துவர்களால் செய்யக்கூடியது மிகக் கொஞ்சமாகச் சுருங்கிவிடுகிறது.

தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இன்று பெரும்பாலானவர்களுக்குப் பயாப்சி, அதாவது ஊசியால் ஈரல் சதையை எடுத்துச் சோதிப்பது, தேவையே இல்லை. கையில் ரத்தம் எடுப்பார்கள். வயிற்றில் ஸ்கேன் பார்ப்பார்கள். மருத்துவர் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் பெருத்திருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பார். இவை எல்லாம் ஒரே திசையைக் காட்டினால் அத்தோடு முடிவு தெரிந்துவிடும். அந்த ஊசிக்குப் பயந்து இந்தச் சோதனைகளையும் சேர்த்துத் தவிர்ப்பதுதான் உயிரைக் குடிக்கிறது.

இன்னொரு எண்ணமும் ஆபத்தானது. குடிக்கிறவனுக்குத்தான் ஈரல் கெடும் என்று நம் ஊரில் முடிவே கட்டிவிட்டோம். சாராயம் பெரிய காரணம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் சத்தமில்லாமல் பல வருஷம் ஈரலைத் தின்னும். சர்க்கரை நோயும் தொப்பையும் உள்ளவர்களுக்குக் கொழுப்பு படிந்தே ஈரல் சுருங்கும். சென்னை நகரத்தில் நடத்தி 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்கு 32 பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. சர்க்கரை நோயாளிகளை மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல். ஆகவே ஒரு சொட்டுக்கூடத் தொடாத நம் அம்மாக்களும் அத்தைகளும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். "கொழுப்புதான், எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று ஸ்கேன் தாளை மடித்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் செருகி வைக்காதீர்கள்.

சரி, ரத்தத் தாளில் எதைப் பார்ப்பது? ஓர் உதாரணத் தாளை எடுத்துக்கொள்வோம். வயது 52. ஈரல் என்சைம்களான எஸ்ஜிஓடி 78, எஸ்ஜிபிடி 42, ஆல்புமின் 2.9, பிளேட்லெட் 92,000. பிலிருபின் சாதாரணமாக இருக்கிறது, கண்ணில் மஞ்சள் இல்லை. எஸ்ஜிபிடி கொஞ்சம்தான் கூட என்று பலர் இதை ஒதுக்கிவிடுவார்கள். உண்மையில் இது கூச்சல் போடுகிற தாள். எஸ்ஜிபிடியை எஸ்ஜிஓடி தாண்டி நிற்கிறது. ஈரல் தயாரிக்கிற புரதமான ஆல்புமின் இறங்கிக் கிடக்கிறது. பிளேட்லெட் பாதியாகிவிட்டது, காரணம் பெருத்த மண்ணீரல் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இங்கேதான் நம் பக்கம் பெரிய தவறு நடக்கிறது. பிளேட்லெட் குறைவு என்றதும் எல்லோர் வாயிலும் டெங்கு. பப்பாளி இலையை அரைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். காய்ச்சலே இல்லாமல், மாதக்கணக்கில் பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழேயே கிடந்தால் கல்லீரலைப் பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள்.

இந்த எண்களை வைத்தே மருத்துவர்கள் ஒரு கணக்குப் போடுகிறார்கள், ஃபிப்-4 என்று பெயர். வயதையும் எஸ்ஜிஓடியையும் பெருக்க வேண்டும். அதை, ஆயிரத்தில் சொல்லும் பிளேட்லெட் எண்ணிக்கையையும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். 1.3-க்குக் கீழே வந்தால் கடுமையான தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2 வரை பொறுக்கலாம். 2.67-ஐத் தாண்டினால் தள்ளிப்போடக் கூடாது. மேலே சொன்ன தாளுக்குக் கிட்டத்தட்ட 6.8 வருகிறது! இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். உசிலம்பட்டி அரசு மருத்துவமனை ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய சாதாரண ரத்தப் பரிசோதனைகள் போதும். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிற ஒவ்வொருவரும் அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் கேட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பேன்.

அடுத்தது ஃபைப்ரோஸ்கேன். ஈரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கிற கருவி. விலா எலும்புக்கு நடுவே விரலால் சுண்டினாற்போல் இருக்கும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். அளவு 10-க்குக் கீழே, வேறு அறிகுறியும் இல்லை என்றால் சிரோசிஸ் அனேகமாக இல்லை. 15-க்கு மேல் போனால் பலத்த சந்தேகம். ஆனால் இதற்கும் பத்தியம் உண்டு: மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். காமாலை உச்சத்தில் இருக்கும்போதோ, முந்தின வாரம் முழுக்கக் குடித்துவிட்டோ அளந்தால் எண் பொய்யாக ஏறிக் காட்டும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு இது சரிவராது. அவர்களுக்கு ரத்தப் பரிசோதனையும் சாதாரண ஸ்கேனுமே பெரும்பாலும் விஷயத்தைச் சொல்லிவிடும்.

வயிற்றிலிருந்து ஊசியால் நீர் எடுப்பார்களே, அது பயாப்சி அல்ல! இதைக் குழப்பிக்கொண்டு, மகோதரத்தோடு வந்தவரை வார்டிலிருந்தே கூட்டிக்கொண்டு போகிற சொந்தக்காரர்கள் உண்டு. அந்த ஊசி ஈரலைத் தொடுவதே இல்லை. புதிதாக நீர் கோத்த ஒவ்வொருவருக்கும் அந்த நீரைச் சோதித்தே ஆக வேண்டும். நீர் ஈரலால் வந்ததா, வயிற்றுக் காசநோயா, புற்றுநோயா என்று பிரித்துச் சொல்வது அதுதான். நீரில் கிருமி புகுந்திருந்தால் அன்றைக்கே மருந்து ஏற்ற வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் ஆபத்து.

அப்படியானால் பயாப்சி எப்போது வேண்டும்? காரணம் பிடிபடாதபோது. ரத்தம் ஒன்று சொல்லி ஸ்கேன் வேறொன்று சொல்லும்போது. இரண்டு நோய் ஒன்றாக இருக்கிறதோ என்று சந்தேகம் வரும்போது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குகிற நோய் என்று தோன்றும்போது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று சீந்தில் கொடியைக் குடித்த சிலருக்கு ஈரல் கெட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். அதில் சதைப் பரிசோதனைதான் பாதிப்பின் தன்மையைக் காட்டிக் கொடுத்தது. இப்படிப்பட்ட நேரத்தில் மருத்துவர் பயாப்சி என்று சொன்னால் மறுக்காதீர்கள். சரியான காரணம் தெரிந்தால், அதற்கென்றே மருந்து இருக்கக்கூடும். நீங்கள் குடித்த நாட்டு மருந்து எதுவானாலும், கோபித்துக்கொள்வாரோ என்று மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பயாப்சியில் ரத்தக்கசிவு ஏற்படலாம். உயிராபத்து மிக மிக அபூர்வம். அதனால்தான் முன்கூட்டியே ரத்தம் உறையும் நேரமும் பிளேட்லெட்டும் பார்க்கிறார்கள், முடிந்தபின் சில மணி நேரம் படுக்க வைத்துக் கவனிக்கிறார்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. நீர் கோத்திருந்தால், ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தால், கழுத்து ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்கிற முறை இருக்கிறது, அதைக் கேளுங்கள். இவ்வளவு செய்தும் கிடைப்பது ஈரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். அந்தத் துணுக்கில் நோய் தென்படாமலும் போகலாம். எல்லா அறிகுறியும் தெளிவாக இருக்கும்போது யாராவது பயாப்சி எழுதிக் கொடுத்தால், "டாக்டர், இதுல தெரியிறத வச்சு என் வைத்தியம் மாறுமா?" என்று பணிவாகக் கேளுங்கள்.

ஏற்கெனவே சுருங்கிய ஈரலில் கட்டி தென்பட்டால் இன்னும் கவனம். உடனே ஊசி போட்டுச் சதை எடுக்க ஓடாதீர்கள். மருந்து ஏற்றி மூன்று கட்டமாக எடுக்கிற சிடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேனிலேயே பல சமயம் அது புற்றுநோயா என்று உறுதியாகிவிடும். ஊசி போன வழியில் புற்று பரவும் வாய்ப்பு, சிறிதானாலும், இருக்கிறது. முதலில் ஈரல் நிபுணரைப் பாருங்கள்.

ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். இதில் சி முழுதாகக் குணமாகும், பி-யை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். சிரோசிஸ் என்று தெரிந்தவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று எண்டாஸ்கோப்பி தேவையா எனக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் தவறக் கூடாது. முட்டிவலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடாதீர்கள், அது சிறுநீரகத்தையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, ஆள் பகலில் தூங்கி ராத்திரி முழித்துத் தாறுமாறாகப் பேசினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிஷமே 108-ஐக் கூப்பிடுங்கள், பழைய ரத்தத் தாள், ஸ்கேன் தாள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.